முதல் மிதி

ஷாதிபூரில் எங்கள் சந்துக்கு ரோடு என்று பெயர். மேலே நின்று பார்த்தால் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். கீழே நின்று பார்த்தால் வீட்டுக்கே போக வேண்டாம் என்று தோன்றும். போர்ட் பிளேரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே கதைதான். சமதளம் வேண்டுமென்றால் கடலைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் இந்த ஊர் டாக்சிக்காரர்களுக்கு இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்திருக்கும். கிளட்சை மிதித்து மிதித்து ஏறிய சதை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் டீக்கடையில் நின்றால், அதில் டாக்சிக்காரர் யாரென்று கால் சொல்லிவிடும். எங்கள் அடுத்த வீட்டு ஜெகநாதன் அண்ணனின் கால் தூரத்திலிருந்தே சொல்லும்.

அண்ணனுடைய அப்பா பரமக்குடிப் பக்கமிருந்து ஹேடோ துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். அண்ணன் இங்கேயே பிறந்தவர். ஊரெல்லாம் ஏசி வண்டிக்கு மாறிய பிறகும் பழைய அம்பாசடரை விடவில்லை. டூரிஸ்டுகள் அதைப் பார்த்து போட்டோ எடுப்பார்கள், ஏற மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்கள், சந்தையிலிருந்து மூட்டையோடு வருகிற பெண்கள், கப்பலிலிருந்து டிரங்குப் பெட்டியோடு இறங்குகிறவர்கள், இவர்கள்தான் அவருக்குச் சவாரி. குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

கிளட்ச் விஷயத்தில் மனுஷன் பெரிய உபதேசி. என்னை ஒரு தடவை மேட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மேட்டுல நிக்கணும்னா ஹேண்ட் பிரேக்கப் போடு. கிளட்ச்சுல தொங்காத. சிக்னல்ல நின்னா நியூட்ரல் போட்டுட்டு கால எடுத்துரு. கிளட்ச் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டுறவனும், பொண்டாட்டி சொல்றதுக்கெல்லாம் தலைய ஆட்டுறவனும் ஒண்ணு. வெளிய தெரியாது, உள்ளுக்குள்ள தேஞ்சுக்கிட்டே இருக்கும்."

இந்திராணி மதினி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "அப்ப உங்க அண்ணன் தேயவே மாட்டாரு தம்பி, கவலப்படாதீக" என்றாள். மதினி அருப்புக்கோட்டைக்காரி. கல்யாணமாகிக் கப்பலில் வந்தவள். அந்தக் கப்பல் ஆட்டத்துக்குப் பிறகு எந்த வண்டியிலும் முன்சீட்டில் உட்கார மாட்டாள். பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வருவாள்.

கதை புரிய வேண்டுமென்றால் இந்த ஊர்ப் பழக்கங்கள் இரண்டைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, கட்டை. வண்டியில் எஞ்சின் பக்கம் ஒரு சக்கரம், கியர் பக்கம் ஒரு பிளேட். கிளட்சை விட்டால் இரண்டும் ஒட்டிச் சுற்றும், மிதித்தால் பிரியும். இங்கே மே மாதம் பிடித்த மழை டிசம்பர் வரை விடாது. காற்றில் உப்பு. வண்டி சும்மா நின்றால் துருப்பிடித்து பிளேட் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எத்தனை மிதித்தாலும் பிரியாது. அதனால் வண்டியை நிறுத்தினதும் கிளட்சை அடிவரை மிதித்து, பெடலுக்கும் சீட்டின் அடிக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிடுவார்கள். மற்ற ஊரில் அடுப்பை அணைத்தாயா என்று கேட்பார்கள், எங்கள் சந்தில் கட்டை போட்டாயா என்று கேட்போம். அண்ணனுடைய கட்டை இந்தத் தீவில் விளைகிற கெட்டியான படாக் மரம். ஒரு முனையில் டியூப் ரப்பர் சுற்றியிருக்கும்.

இன்னொன்று, முதல் மிதி. புது பிளேட் மாட்டினால் அதை முதலில் மிதிக்க வேண்டியது வண்டியை ஓட்டப்போகிறவன். மெக்கானிக்கும்கூடத் தன் காலை வைக்க மாட்டான். பிளேட் முதலில் மிதித்த காலோடு பழகிவிடும் என்று சொல்வார்கள். டாக்சிக்காரர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால் நாம் எங்கே போய்ச் சேர்வது என்று அப்போது நானும் சிரித்தவன்தான்.

போன மே மாதம், முதல் மழை அன்று, டெலானிபூர் ஏற்றத்தில் அண்ணன் ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்த அடைப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஒரு கீறல் இல்லை. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். இடது கால் மட்டும் கிளட்சை அடிவரை மிதித்தபடி இருந்திருக்கிறது. அதை எடுக்க இரண்டு ஆள் தேவைப்பட்டதாம்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது மெக்கானிக் ராமகிருஷ்ணன். அண்ணனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர், ஒன்றாகப் படிப்பை விட்டவர். அழுதுகொண்டே ஓட்டி வந்தார், மழையில் வீட்டுப் பக்கம் நிறுத்தினார், பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார், கைப்பழக்கத்தில் கட்டையையும் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அதில் யார் என்ன தப்புச் சொல்ல முடியும்?

அண்ணன் பிழைத்து வீட்டுக்கு வந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கை துணி மாதிரி தொங்கியது. ஆனால் இடது கால் தொங்கவில்லை. இடுப்பிலிருந்து பெருவிரல் வரை விறைத்து, பாதம் முன்னால் நீட்டி, எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது. டாக்டர் இந்த நோயில் அப்படி விறைப்பது உண்டு என்றார். பயிற்சி கொடுக்க வந்த பெண் முட்டியை மடக்கப் பார்த்து, வேர்த்து வழிந்து, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டாள். ராத்திரியெல்லாம் அண்ணன் கால் வலியில் முனகுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிசயமாக வெயில் அடித்தது. எல்லோரும் மெத்தையைக் காயப்போட்டோம். அண்ணனின் மகள் சௌமியா வண்டியைத் துடைக்கப் போனாள். அதுவரை யாருக்கும் அந்த வண்டியைத் தொட மனம் வரவில்லை. டயரெல்லாம் பெரிய பெரிய நத்தைகள். அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கதவைத் திறந்து, காலடி விரிப்பைத் துடைப்பதற்காகக் கட்டையை உருவினாள்.

உள்ளேயிருந்து மதினி அலறினாள்.

நான் கையில் தலையணையோடு ஓடினேன். அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். அவர் இடது முட்டி மடங்கி மேலே வந்திருந்தது. முகத்தில் வலி இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"ப்... போச்சு," என்றார். "கட்ட... போச்சு."

"வலி போச்சுங்கிறாக தம்பி," என்றாள் மதினி. "தன்னால மடங்குது. நான் தொடக்கூட இல்ல."

சௌமியா வாசலில் கட்டையோடு நின்றாள். ஆஸ்பத்திரி மருந்து வேலை செய்கிறது என்று நான்தான் பெரிய மனுஷனாகச் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். சாயங்காலம் மேகம் திரண்டது. சௌமியா போய்க் கட்டையைப் போட்டாள். உள்ளே அண்ணனின் கால் படாரென்று நீண்டு கட்டில் சட்டத்தை உதைத்தது. தண்ணீர்ச் சொம்பு உருண்டது.

சௌமியா கெட்டிக்காரப் பெண். டூரிஸ்ட் ஏஜென்சி ஒன்றில் டிக்கெட் போடுகிறவள். எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற பழக்கம். மறுபடி கட்டையை எடுத்தாள். "அம்மா, இப்ப?" என்று கத்தினாள். "மடங்கிருச்சு," என்றது உள்ளேயிருந்து. மறுபடி போட்டாள். அண்ணனின் முனகல்தான் கேட்டது.

நான் நம்பவில்லை. நானே போய் வண்டியில் உட்கார்ந்து, யாருக்கும் சொல்லாமல், கிளட்சைப் பாதி மிதித்தேன். ஜன்னல் வழியாக அண்ணன் தெரிந்தார். அவருடைய பாதம் பாதி போய் நின்றது. விட்டேன், வந்தது. அவர் மெல்லத் தலையைத் திருப்பி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். இறங்கிப்போய் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று அவர்கள் கட்டையைப் போடவில்லை. யார்தான் போடுவார்கள்? அண்ணன் மாதக்கணக்கில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினார். மழை மட்டும் விடாமல் கொட்டியது. அடுத்தடுத்த நாளும் கொட்டியது. ஈரத்தில் தீப்பெட்டி உரசவில்லை, உப்பு தண்ணீராக ஓடியது. அந்த வாரக் கடைசியில் மதினி கஞ்சியோடு போனபோது அண்ணனுக்கு வாய் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. இடது பக்கம் முழுக்க, கழுத்திலிருந்து கால்வரை, ஒரே துண்டாக இறுகிப்போயிருந்தது. மூச்சு கீச்சுக் கீச்சென்று வந்தது.

ராமகிருஷ்ணன் வந்தவர் அண்ணனைப் பார்க்கவில்லை. நேரே வண்டிக்குப் போய்க் கிளட்சை மிதித்துக் கியர் போட்டுப் பார்த்தார். ஸ்டியரிங் பக்கத்துக் கியர்க் கம்பு கரகரவென்று கத்தியது.

"அரே, பிளேட் ஒட்டிருச்சு. பக்கா ஜாம்," என்றார். என்னைப் பார்த்தார். "தக்கா போடணும். ஒரு உலுக்கு உலுக்கினாத்தான் பிரியும். சலோ."

கல்லை எடுத்துவிட்டு, செகண்ட் கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு சரிவில் வண்டியை விட்டார். கீழ்வளைவுக்கு முன்னால் சட்டென்று பிரேக் அடித்தார். வண்டிக்கு அடியில் டப்பென்று ஒரு சத்தம். அதே நேரத்தில் மேலே வீட்டுக்குள்ளிருந்து அண்ணன், "அய்யோ!" என்று முழு வாயும் திறந்து கத்தியது சந்து பூராவும் கேட்டது.

அன்று மத்தியானம் சமையலறையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். மதினி சூரைமீன் குழம்பு ஊற்றினாள். யாரும் கையை வைக்கவில்லை.

"போன தடவ பிளேட் மாத்தினப்ப முதல் மிதி ஜெகாதான் மிதிச்சான்," என்றார் ராமகிருஷ்ணன். "அது அவன் கால்கூடப் போயிருச்சு. டெலானிபூர்ல அவன் விழுந்தப்ப கால் அதுலதான் இருந்துச்சு. மத்லப்... அதாவது... எனக்கு வேற என்ன சொல்லணும்னு தெரியல தங்கச்சி."

"கட்டை போட்டா வலி. போடலன்னா பூட்டிக்குது. அப்ப என்னதான் செய்ய?" என்றாள் மதினி.

"வண்டி ஓடணும். தினமும் ஓடுற வண்டி ஒட்டாது."

"ராத்திரி நிக்குமே."

"ஒரு ராத்திரிக்கு ஒண்ணும் ஆகாது. காலையில ஓட்டிரணும். மழ ரொம்ப ஜாஸ்தின்னா மட்டும் கட்டை."

சௌமியா தட்டைத் தள்ளினாள். "நான் ஓட்டுறேன். லைசென்ஸ் இருக்கு. அப்பா வண்டியிலதான் கத்துக்கிட்டேன்."

"பொம்பளப்பிள்ள டாக்சி ஓட்டுறதா?" என்று மதினி கேட்கவில்லை. கேட்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் மகளுடைய காலைப் பார்த்தாள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

சௌமியா வேலையை விட்டுவிட்டு ஓட்டத் தொடங்கினாள். காலையில் மார்க்கெட், அப்புறம் ஆஸ்பத்திரி, கப்பல் வந்தால் ஹேடோ. அவள் அங்கே மிதிக்க மிதிக்க இங்கே அண்ணனின் கால் மடங்கி நீண்டது. பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு வாயெல்லாம் பல். இத்தனை வேகமாகத் தேறுகிறவரை அவள் பார்த்ததே இல்லையாம். அண்ணனுக்குப் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வந்த பேச்சையெல்லாம் மகளைத் திட்டவே செலவழித்தார்.

"பாரு... பாதி மிதி. பாதி மிதியில கியர் மாத்துறா. பல்லு போகும்," என்பார் சுவரைப் பார்த்து. கொஞ்சம் கழித்து, "மேட்டுல தொங்குறா. தொங்காத... தொங்காத புள்ள" என்று கெஞ்சுவார். மதினி விசிறிக்கொண்டே, "சின்னப்பிள்ளதான, பழகிருவா" என்று அந்தச் சுவருக்கே சமாதானம் சொல்வாள். அந்த வீட்டுக்குள் போகவே எனக்குப் பிடிக்காமல் போனது. ஆனாலும் போனேன். பக்கத்து வீட்டில் இப்படி நடக்கும்போது மெகா சீரியல் பார்த்துக்கொண்டு உட்கார நான் என்ன கல்லா?

செப்டம்பரில் அண்ணன் கால் சுடத் தொடங்கியது. சௌமியா மேடு ஏறும்போதெல்லாம் பாதத்தில் தொட முடியாத சூடு. வீட்டுக்குள் ரப்பர் கருகுகிற வாடை. வண்டியும் அப்படித்தான். எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. டெலானிபூர் ஏற்றத்தில் பாசஞ்சரை இறக்கி நடக்கவிட்டு வெறும் வண்டியை ஏற்றியிருக்கிறாள்.

ராமகிருஷ்ணன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து இறங்கினார். "பிளேட் கதம். இதுக்கு மேல ஓட்டினா உள்ள ஒடஞ்சு போகும். ஒடஞ்சா ஜெகாவுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. இறக்கித்தான் ஆகணும்."

"இறக்கினா?"

"அதுவும் தெரியாது தங்கச்சி."

மதினிதான் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. வெந்த பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "இறக்குங்கண்ணே."

வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, வண்டியை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, ராமகிருஷ்ணன் அடியில் படுத்தார். கியர் பெட்டியை ஒரு பலகையில் இறக்கி இழுத்தோம். பிளேட் வெளியே வந்தது. தோசைக்கல் அளவு. கறுத்து, ஓரமெல்லாம் தேய்ந்து, ஆணித்தலை வெளியே தெரிந்தது. அதை மதினி முந்தானையில் வாங்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"இந்திராணி... என் காலு எங்க?"

போர்வையைத் தூக்கிக் காட்டினோம். பார்த்தார். "இது இல்ல" என்றார். தொட்டுப் பார்த்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைத் தொட்டதுபோல இருந்தது. கிள்ளினால் தெரியவில்லை. அடுத்த நாள் அந்தக் குளிர் முட்டிக்கு ஏறியது. அப்புறம் தொடைக்கு. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். அண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வண்டியை விட்டு வரமாட்டேன் என்று அழுதார்.

இந்த ஊரில் அந்த பிளேட் கிடையாது. மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். புயல் சின்னம் என்று கப்பல் கிளம்பவில்லை. சௌமியா தினமும் ஹேடோவுக்கு நடந்து போய், கப்பல் இல்லாத கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். மதினி வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு அண்ணனின் இடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குளிர் எதுவரை வந்திருக்கிறது என்று கையால் தடவித் தடவிப் பார்த்தாள். "இடுப்ப தாண்டிருச்சு தம்பி," என்று ஒரு காலையில் சொன்னாள். "வயித்துக்கு வந்துட்டா?" கடவுளைத் திட்டினேன், கப்பல் கம்பெனியைத் திட்டினேன்.

கப்பல் வந்தது. சௌமியா மழைக்கோட்டுக்குள் பிளேட்டைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு யாருடைய ஸ்கூட்டரிலோ வந்து இறங்கினாள். ராமகிருஷ்ணன் மழையோடு மழையாகப் படுத்தார். நான் குடை பிடித்தேன். பிளேட் ஏறியது, பெட்டி ஏறியது, போல்ட் முடுக்கியாயிற்று. சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசி வேலை, கிளட்ச் எண்ணெய்க் குழாயில் இருக்கிற காற்றை எடுப்பது. ஒருத்தர் மேலே உட்கார்ந்து கிளட்சை மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் கீழே ஆணியைத் திறந்து மூட வேண்டும்.

"முதல் மிதி," என்றார் ராமகிருஷ்ணன் அடியிலிருந்து. "பாப்பா, நீ ஏறு. நீதானே ஓட்டப்போற. முதல் மிதி உன்னோடதுதான்."

சௌமியா சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஏய், இரு," என்றாள் மதினி. "உள்ள போய் அப்பா கால ஒருக்கா பாத்துட்டு வா. வெந்நிப் பைய மாத்து. அப்புறம் ஏறலாம்."

"இப்பத்தானேம்மா பாத்தேன்."

"போடின்னா போயேன்."

சௌமியா முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள். மதினி சேலையைத் தூக்கிச் செருகினாள். இத்தனை வருஷத்தில் முன்சீட்டில்கூட உட்காராதவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இடது காலைப் பெடலில் வைத்தாள்.

"மதினி," என்றேன்.

"மூச்சு விடாதீக தம்பி." பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

கீழே ராமகிருஷ்ணன், "பிடி பாப்பா... பிடி... விடு. இன்னொரு தடவ" என்றார். மதினி மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். சத்தம் வராமல் அழுதாள். ஆனால் கால் தப்பு செய்யவில்லை. எத்தனை வருஷமாக வாசலில் உட்கார்ந்து அண்ணனின் உபதேசத்தைக் கேட்டவள்.

அவள் கிளட்சை அடிவரை மிதித்துப் பிடித்திருந்த நேரம் உள்ளேயிருந்து சௌமியா கத்தினாள். "அம்மா! அப்பா கால் சூடாகுது! மடக்குறாரு, அவராவே மடக்குறாரு!"

மதினி இறங்கிவிட்டாள். ராமகிருஷ்ணன் வெளியே வந்து மதினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவு வழியாகக் கையை நுழைத்துப் பெடலை அழுத்திச் சரிபார்த்தார். என் பக்கத்தில் நின்ற மதினி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். குடையைப் போட்டுவிட்டு அவளைப் பிடித்தேன்.

"பிள்ளைக்குத் தெரியக் கூடாது," என்றாள். "கல்யாணமாகிப் போறவ. போற எடத்துல ராத்திரியெல்லாம் கால நீட்டிக்கிட்டுக் கெடக்கணுமா?"

அதற்குப் பிறகு அண்ணன் தேறினார். அவர் கால் அவருடையதாகிவிட்டது. பலமில்லை, இழுத்து இழுத்துத்தான் நடந்தார், ஆனால் கைத்தடியோடு டீக்கடை வரை போய்ப் பழையபடி உபதேசம் செய்தார். சௌமியா எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். மதினிக்கு மூட்டு வலி வந்துவிட்டதாக ஊர் நினைத்தது. உட்கார்ந்துதான் சமைத்தாள். தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை.

நவம்பரில் ஒரு சாயங்காலம் நான் கறிவேப்பிலை கேட்கப் போனேன். அண்ணன் டீக்கடையில் இருந்தார். மழைக்கு முந்தின இருட்டு. மதினி பலகையில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுடைய இடது பாதம் சிமென்ட் தரையை அழுத்தியது, விட்டது. அழுத்தியது, விட்டது.

"மேடு ஏறுறா. செகண்ட்," என்றாள். "இப்ப தேர்ட். பார்த்தீகளா, மேட்டத் தாண்டிட்டா."

"வலிக்குதா மதினி?"

"கட்டை போட்டாத்தான் வலி. பகல்ல வலி இல்ல. மக எங்க போறா, எப்ப நிக்கிறா, எல்லாம் தெரியுது. எந்த ஆத்தாளுக்குத் தம்பி இது கெடைக்கும்?" சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதம் மறுபடி தரையில் இறங்கியது. விடவில்லை. அரிசித் தண்ணீரில் கை அப்படியே நின்றது. பாதம் அழுத்தியபடியே இருந்தது. விரல்கள் வெளுத்தன. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது. அண்ணன் விழுந்த அன்று அவர் கால் இப்படித்தானே நின்றது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

"ஏன் விடமாட்டேங்கிறா? தம்பி... ஏன் விடமாட்டேங்கிறா?"

பாதம் மெல்ல மேலே வந்தது. மதினி பெருமூச்சு விட்டாள். அப்புறம்தான் கோபம் வந்தது. "எங்கயோ நின்னுக்கிட்டு நியூட்ரல் போடாம மிதிச்சுக்கிட்டே நிக்கிறா கழுத. வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. சௌமியா நனைந்தபடி வாசலில் ஏறினாள். மதினிக்கு வாய் நிற்கவில்லை.

"நிக்கும்போது நியூட்ரல் போடணும்னு அப்பா எத்தன தடவ சொல்லிருக்காரு? அம்புட்டு நேரமா மிதிச்சுக்கிட்டு நிக்கிறது?"

"ஆஸ்பத்திரி கேட்டுல ஒரு பாட்டிய ஏத்தினேன், ஏற முடியல பாவம், நான்..." சௌமியா நிறுத்தினாள். "அம்மா. உனக்கு எப்படித் தெரியும்?"

மதினி அரிசியைக் களைந்தாள். களைந்த அரிசியை மறுபடி களைந்தாள்.

சௌமியா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். திரும்பி மழையில் இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கிச் சமையலறை ஜன்னல் வழியாகத் தாயையே பார்த்தாள். மதினியின் பாதம் மெல்ல, மெல்ல, தரையில் இறங்கியது. மெல்ல மேலே வந்தது. வண்டிக்குள் சௌமியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மழை வலுத்தது. கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, இது இன்றைக்கு விடுகிற மழையில்லை. சௌமியா கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றாள், நனைந்துகொண்டே.

"நான் போட மாட்டேன்மா!"

"போடலன்னா ஒட்டிக்கும்டி. அப்பாவுக்குத் தாடை பூட்டுனது மறந்து போச்சா?" மதினி அரிசிப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இடது காலைத் தானே நீட்டிக்கொண்டாள். சேலையைக் கணுக்கால் வரை இழுத்து விட்டாள். "நான் நீட்டிட்டேன். போடு."

சௌமியா குனிந்தாள். பாதம் விறைத்து நீண்டது. மதினி கண்ணை மூடி, கொஞ்ச நேரம் எதையோ கவனித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு தாயி. கட்டை சரியா உக்காரல."